திரையில் ஓர் ஆசிரியர், அறையில் ஓர் ஆசிரியர்: உருகுவே பள்ளிகளின் ஆங்கில வகுப்பு

நான்காம் வகுப்பு. வெள்ளை மேலங்கி, கழுத்தில் பெரிய நீல ரிப்பன் முடிச்சு. உருகுவே நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நெடுங்காலமாக இதுதான் சீருடை. அறையின் முன்புறம் பெரிய திரை, அதன்மேல் ஒரு கேமரா. திரையில் ஒருவர் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருக்கிறார். அவர் தலைநகர் மொன்டேவிடியோவில் இருக்கலாம், பக்கத்து நாடான அர்ஜென்டினாவில் இருக்கலாம், பிலிப்பைன்ஸிலும் இருக்கலாம். பிலிப்பைன்ஸ் என்றால், இங்கே காலை பத்து மணி ஆகும்போது அங்கே இரவு ஒன்பது. பிள்ளைகளின் பக்கத்தில் நிற்கும் வகுப்பாசிரியைக்கு ஆங்கிலம் தெரியாது. தெரிந்தாலும் ஏதோ கொஞ்சம்தான். அவரும் பிள்ளைகளோடு சேர்ந்து அந்தச் சொற்களைச் சொல்லிப் பார்க்கிறார்.

உருகுவே 2012இல் தொடங்கிய 'சேபால் என் இங்க்லேஸ்' திட்டத்தின் வகுப்பறை இப்படித்தான் இருந்தது. வகுப்பறையில் கணினியை வைத்து அயல்மொழி கற்பிக்கும் முயற்சிகள் உலகெங்கும் நடக்கின்றன. அவற்றில் நான் அதிக நேரம் செலவிட்டுப் படித்தது இதைத்தான். மொழி தெரியாத ஆசிரியரை அறைக்குள் வைத்துக்கொண்டே ஒரு நாடு முழுவதற்கும் மொழி கற்பிக்க முடியும் என்று அவர்கள் நம்பினார்கள். முதலில் கேட்டபோது எனக்கு அது ஒப்பவில்லை. படிக்கப் படிக்க, திட்டத்தின் உயிரே அந்த மொழி தெரியாத ஆசிரியரிடம்தான் இருக்கிறது என்று தோன்றத் தொடங்கியது. இந்த ஆய்வு அதை விளக்கும் முயற்சி.

கணினி முன்னே வந்தது

உருகுவே சுமார் 34 லட்சம் மக்கள் கொண்ட சிறிய நாடு. ஏறத்தாழ பாதிப் பேர் தலைநகரிலும் அதைச் சுற்றியும் வாழ்கிறார்கள். பேச்சுமொழி ஸ்பானிஷ். 1877இல் ஹோசே பெத்ரோ வரேலாவின் முயற்சியால் கட்டணமில்லாத கட்டாயக் கல்வி சட்டமான நாடு அது. பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒரே வெள்ளை மேலங்கியில் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும் என்ற எண்ணம் அங்கே ஆழமாக வேரோடியிருக்கிறது. 2006 டிசம்பரில் அதிபர் தபரே வாஸ்கேஸ் 'பிளான் சேபால்' என்ற மடிக்கணினித் திட்டத்தை அறிவித்தபோது எடுத்துவைத்த வாதமும் இதே சமத்துவம்தான்.

2007 மே 10 அன்று ஃபுளோரிதா மாநிலத்தின் வில்லா கார்தால் என்ற சிற்றூரில் முதல் கணினிகள் வழங்கப்பட்டன. பச்சையும் வெள்ளையும் கலந்த, முயல் காது போன்ற இரண்டு ஆன்டெனா நீட்டிக்கொண்டிருக்கும் எக்ஸ்.ஓ. மடிக்கணினிகள் அவை. 2009 அக்டோபருக்குள் அரசுத் தொடக்கப் பள்ளிகளின் 3,62,000 மாணவர்களுக்கும் 18,000 ஆசிரியர்களுக்கும் கொடுத்து முடித்துவிட்டார்கள். பராமரிப்பு, பயிற்சி, இணைய இணைப்பு எல்லாம் சேர்த்து ஒரு பிள்ளைக்கு ஆன செலவு சுமார் 260 டாலர். இவ்வளவு பெரிய அளவில் ஒரு நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் அனைவரின் கையிலும் மடிக்கணினி இருந்தது உலகில் அதுவே முதல் முறை.

சேபால் என்ற பெயருக்கு ஒரு பொருளும் உண்டு. சேபோ என்பது உருகுவேயின் தேசிய மலர். அந்த மரங்கள் கூட்டமாக நிற்கும் தோப்புக்கு சேபால் என்று பெயர். நம்மூர் வேலியோரங்களில் நிற்கும் கல்யாண முருங்கையும் சேபோவும் தாவரவியலில் ஒரே பேரினம். அதே சிவந்த பூதான்.

கணினி கொடுத்தார்கள், படிப்பு உயர்ந்ததா? உருகுவேயின் பொருளியல் ஆய்வாளர்கள் பின்னர் இதை அளந்து பார்த்தார்கள். கணிதத்திலும் வாசிப்பிலும் மதிப்பெண் உயர்ந்ததற்கான தடயம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பெரு நாட்டில் 319 கிராமப்புறப் பள்ளிகளை வைத்து நடந்த ஆய்வும் 2012இல் இதையே சொன்னது. ஆங்கிலத் திட்டத்தைப் புரிந்துகொள்ள இந்த ஏமாற்றம் முக்கியம். கருவியைக் கையில் கொடுத்துவிட்டால் கல்வி தானாக வந்துவிடாது என்பதை அது காட்டுகிறது. ஆங்கிலத் திட்டத்தில் அவர்கள் குறிப்பிட்ட ஒரு பற்றாக்குறையிலிருந்து தொடங்கினார்கள்.

ஆள் இல்லை

2008இல் வந்த பொதுக் கல்விச் சட்டம் இரண்டாம் மொழி, அயல்மொழிக் கல்வியைப் பொதுப் பள்ளியின் கடமைகளில் ஒன்றாக்கியது. அரசுப் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியரை நேரில் அனுப்பும் 'செகுந்தாஸ் லெங்குவாஸ்' திட்டம் ஏற்கெனவே இருந்தது. பிரேசில் எல்லையோர ஊர்களில் அதன்கீழ் போர்த்துகீசியமும் கற்பித்தார்கள். ஆனால் நாடு முழுவதற்கும் போதுமான ஆங்கில ஆசிரியர்கள் இல்லை. நன்றாக ஆங்கிலம் தெரிந்தவர்கள் தனியார் பள்ளிகளுக்கும் மொழிப் பயிற்சி நிலையங்களுக்கும் போனார்கள். அவர்களும் பெரும்பாலும் தலைநகரில்தான் குடியிருந்தார்கள். புதிதாக ஆசிரியர்களைப் பயிற்றி எடுக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதற்குள் ஒரு தலைமுறை தொடக்கப் பள்ளியைத் தாண்டிப் போய்விடும்.

பிள்ளைகள் கையில் கணினி இருக்கிறதே, ஆங்கிலம் சொல்லித்தரும் மென்பொருள் ஒன்றைப் போட்டுக் கொடுத்தால் என்ன? எந்தக் கல்வி அதிகாரிக்கும் முதலில் தோன்றும் யோசனை அதுவாகத்தான் இருக்கும். மொழிக் கல்வியின் வரலாறு அதற்குச் சாதகமாக இல்லை. 1960களில் அமெரிக்கப் பள்ளிகளில் ஒலிநாடாவும் காதொலிக் கருவியுமாக மொழி ஆய்வகங்கள் பெருகின. மாணவர்கள் தனித்தனிக் கூண்டுகளில் அமர்ந்து கேட்டதைத் திருப்பிச் சொன்னார்கள். பென்சில்வேனியா மாநிலப் பள்ளிகளில் நடந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வு ஒன்று, ஆய்வகம் இருந்த வகுப்புகள் பழைய முறை வகுப்புகளை முந்தவில்லை என்று காட்டியது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960இல் தொடங்கிய பிளேட்டோ கணினி அமைப்பு பின்னாளில் பல மொழிகளுக்குப் பயிற்சிப் பாடங்களைத் தந்தது. சொல்லையும் இலக்கணத்தையும் பழக்குவதில் அது கெட்டிக்காரக் கருவி. ஆனால் அந்த மொழிப் பாடங்களைப் பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவர்கள். தானாக உட்கார்ந்து படிக்கும் வயது அவர்களுடையது.

ஒன்பது வயதுப் பிள்ளை அப்படி உட்காராது. அந்த வயதில் மொழி என்பது ஒருவர் முகத்தைப் பார்த்து, அவர் சிரிப்பதற்காகவும் தலையசைப்பதற்காகவும் பேசுவது. கேட்க ஆள் இல்லாமல் பிள்ளை பேசாது. உருகுவே திட்டத்தை வடிவமைத்தவர்கள் மென்பொருளை ஆசிரியராக்காமல், கம்பி வழியே ஆசிரியரையே கொண்டுவரத் தீர்மானித்தார்கள். இதைவிடச் சரியான முடிவை அவர்கள் எடுத்திருக்க முடியாது என்பது என் கருத்து.

2012இல், பிரிட்டிஷ் கவுன்சிலோடு சேர்ந்து 20 பள்ளிகளில் சோதனை ஓட்டம் தொடங்கியது. அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான ஆன்டெல் பள்ளிகளுக்குக் கண்ணாடி இழை இணைப்பு கொடுத்தது. மடிக்கணினித் திரையில் நடக்கும் வீடியோ அழைப்பை அவர்கள் நம்பவில்லை. அறைக்கென்றே காணொளிக் கருவியும் பெரிய திரையும் நல்ல ஒலிவாங்கியும் பொருத்தினார்கள். சில ஆண்டுகளிலேயே நகர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளின் பெரும்பகுதிக்கு 4, 5, 6ஆம் வகுப்புகளில் இந்த ஏற்பாடு வந்து சேர்ந்தது.

வாரத்தில் மூன்று பாடம்

வாரம் மூன்று ஆங்கில வகுப்பு, ஒவ்வொன்றும் 45 நிமிடம். 'ஏ' பாடத்தைத் திரையிலிருக்கும் தொலை ஆசிரியர் நடத்துவார். புதிய சொல், புதிய வாக்கியம், உரையாடல் எல்லாம் அதில் அறிமுகமாகும். 'பி', 'சி' பாடங்களை வகுப்பாசிரியை தனியாக நடத்த வேண்டும். திரையில் யாரும் இல்லை. ஏ பாடத்தில் வந்ததைத் திரும்பப் பழக்குவது, விளையாட வைப்பது, எழுத வைப்பது, 'கிரெயா' என்ற இணையத் தளத்தில் இருக்கும் பயிற்சிகளைப் பிள்ளைகளின் கணினியில் செய்யவைப்பது அந்தப் பாடங்களின் வேலை.

இதைக் காலக் கணக்காகப் பார்த்தால் துலங்கும். அங்கே பெரும்பாலான பள்ளிகள் நாளொன்றுக்கு நான்கு மணி நேரம்தான். காலையில் ஒரு ஷிஃப்ட், பிற்பகலில் ஒரு ஷிஃப்ட். ஒரே கட்டடத்தில் இரண்டு பள்ளி. வாரத்துக்கு 20 மணி நேரம். அதில் ஆங்கிலத்துக்கு 135 நிமிடம், அதாவது ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. அந்த 135 நிமிடத்தில் ஆங்கிலம் தெரிந்தவர் பிள்ளைகளின் கண்முன் இருப்பது 45 நிமிடம் மட்டும். மீதி 90 நிமிடம் தெரியாதவர் கையில். பெயரில் இது தொலைக்கல்வித் திட்டம். நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு நேர்வகுப்பு.

ஆங்கிலம் தெரியாதவர் அந்த 90 நிமிடத்தை எப்படி நடத்துவார்? பாடக்குறிப்பை மிக விரிவாக எழுதிக் கொடுத்தார்கள். எந்த நிமிடத்தில் எந்தப் படத்தைக் காட்டுவது, எந்தக் கேள்வியைக் கேட்பது, பிள்ளைகள் என்ன பதில் சொல்லக்கூடும், எந்த ஒலிக்கோப்பை எப்போது ஓடவிடுவது என்று படிப்படியாக. ஆசிரியை உச்சரித்துக் காட்ட வேண்டியதில்லை, ஒலிக்கோப்பு உச்சரிக்கும். அவர் பார்க்க வேண்டியது வேறு. யார் கவனிக்கிறான், யார் பின்தங்குகிறாள், எந்த இருவரைச் சேர்த்து உட்காரவைத்தால் இருவரும் பேசுவார்கள் என்பதை மணிலாவிலிருந்து எவராலும் பார்க்க முடியாது.

இவ்வளவு விரிவான பாடக்குறிப்பு ஆசிரியரைக் கைப்பொம்மை ஆக்கிவிடாதா என்ற கவலை எனக்கு இருந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. அனுபவமுள்ள ஆசிரியர்கள் குறிப்பைத் தாண்டிப் போவார்கள், போக வேண்டும். ஆனால் முதல் வருடத்தில், தன் பிள்ளைகள் முன் தனக்குத் தெரியாத மொழியில் வாய் திறக்கப்போகும் ஒருவருக்கு அந்தக் குறிப்பு ஒரு கைப்பிடி. இருட்டில் படியேறும்போது சுவரைத் தொட்டுக்கொண்டு ஏறுவதில்லையா, அப்படி.

ஆசிரியைகளுக்கும் இணையவழி ஆங்கிலப் பாடம் கொடுத்தார்கள். பலர் காலை ஒரு பள்ளி, பிற்பகல் இன்னொரு பள்ளி என்று இரண்டு ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்கள். அதற்குமேல் இரவில் உட்கார்ந்து மொழி படி என்பது சின்னக் கோரிக்கை அல்ல.

'ஸ்' என்ற ஒலியும் கண்ணாடி இழையும்

இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் தொழில்நுட்பம் என்ற ஒற்றைச் சொல்லோடு கடந்துபோகிறார்கள். மொழி வகுப்புக்கு இணைப்பின் தரம் ஏன் உயிர்நாடி என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பழைய தொலைபேசி இணைப்பு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டும் கடத்தும். ஊர்க்கதை பேச அது போதும். ஆனால் 'ஸ்' என்ற ஒலியின் பலம் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. 'ஃப்' என்ற ஒலியை அதிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளமும் அங்கேதான். தாய்மொழியில் பேசும்போது காது தவறவிட்டதை மூளை நிரப்பிக்கொள்ளும். புதிய மொழியில் நிரப்புவதற்கு மூளையிடம் சரக்கு இல்லை. 'கேட்' என்றால் ஒரு பூனை, 'கேட்ஸ்' என்றால் பல. அந்தக் கடைசி 'ஸ்' கம்பியில் தொலைந்தால் ஒருமை பன்மை என்ற இலக்கணப் பாடமே தொலைந்தது. உருகுவே ஸ்பானிஷிலோ மெய்யெழுத்துக்கு முன் வரும் 'ஸ்' ஏற்கெனவே மெலிந்து மூச்சொலியாகிவிடும். ஆங்கிலத்தின் ஸகரத்தைக் கூர்ந்து கேட்கும் பழக்கம் அந்தப் பிள்ளைகளின் காதுக்கு இயல்பாக இல்லை. நல்ல ஒலிவாங்கியும் அகன்ற இணைப்பும் அங்கே ஆடம்பரமல்ல. கரும்பலகைக்குச் சுண்ணக்கட்டி போல.

அடுத்தது தாமதம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். மொன்டேவிடியோவுக்கும் மணிலாவுக்கும் பூமியின் மேற்பரப்பில் குறுக்கே அளந்தாலே 17,000 கிலோமீட்டருக்கு மேல் வரும். கேபிள் போகும் பாதை அதைவிடச் சுற்று. போவதற்கே நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆகும், திரும்பி வர அதே அளவு. படத்தையும் ஒலியையும் சுருக்கி விரிக்கும் நேரம் தனி. ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால்தான் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை.

கேள்வி கேட்டுப் பதில் வாங்க இந்தத் தாமதம் தடையில்லை. சேர்ந்து பாடினால்தான் சிக்கல். சின்னப் பிள்ளைகளுக்கு மொழி சொல்லிக்கொடுக்கப் பாட்டைவிட நல்ல வழி இல்லை. ஆனால் திரையில் இருப்பவரும் அறையில் இருப்பவர்களும் ஒன்றாகப் பாடினால் தாளம் தப்பும். அவர் கைதட்டுவது இவர்களுக்குப் பிந்தி வரும், இவர்கள் தட்டுவது அவருக்கு இன்னும் பிந்திப் போகும். அறைக்குள் இருப்பவர் ஒருவர்தான் தாளத்தைப் பிடிக்க முடியும். மொழி தெரியாத ஆசிரியை கையைத் தட்டித் தாளம் கொடுக்க, ஒலிக்கோப்பு பாட, பிள்ளைகள் பின்பாட்டுப் பாடினால் பாட்டு நிற்கும்.

இன்னொரு நுட்பம். உருகுவே, அர்ஜென்டினா பக்கத்து ஸ்பானிஷில் மற்ற நாடுகளில் யகரமாக ஒலிப்பது ஷகரமாக ஒலிக்கும். அந்தப் பழக்கத்தில் பிள்ளை ஆங்கில 'யெஸ்' என்பதை 'ஷெஸ்' என்று சொல்லும், 'யெல்லோ' 'ஷெல்லோ' ஆகும். சொல்லின் முதலில் 'ஸ்க', 'ஸ்ட' வந்தால் முன்னால் ஓர் உயிரெழுத்தைச் சேர்த்துக்கொண்டு 'எஸ்கூல்' என்பார்கள். நாம் 'இஸ்கூல்' என்று சொல்லும் அதே காரணம். புவெனஸ் ஐரிஸிலிருந்து பாடம் எடுப்பவர் 'ஷெஸ்' என்று கேட்டதும் விஷயத்தைப் புரிந்துகொள்வார், அது அவருடைய சொந்தப் பேச்சிலும் இருப்பது. வேறெங்கோ இருப்பவருக்கு அது பிழையாக மட்டும் கேட்கும். மணிலாக்காரருக்கு வேறு வகையில் ஓர் உறவு உண்டு. மூன்று நூற்றாண்டு ஸ்பானிய ஆட்சியில் பிலிப்பைன்ஸின் தகாலோக் மொழிக்குள் ஸ்பானிஷ் சொற்கள் ஏராளமாகப் புகுந்தன. உருகுவே பிள்ளை 'மெசா' என்றால் மணிலா ஆசிரியருக்கும் அது மேசைதான். போர்த்துகீசியர் வழியாக வந்த அதே சொல்லைத்தான் நாமும் மேசை என்கிறோம்.

இருவர் பேசிக்கொள்ளும் நேரம்

தொலை ஆசிரியரும் வகுப்பாசிரியையும் வாரம்தோறும் பாடத்துக்கு வெளியே பேசிக்கொள்ள வேண்டும் என்பது திட்டத்தின் ஒரு பகுதி. இந்த வாரம் என்ன நடந்தது, எந்தப் பிள்ளைக்கு ஏறவில்லை, அடுத்த ஏ பாடத்துக்கு முன் எதைப் பழக்கி வைப்பது என்பதுதான் பேச்சு. திட்ட ஆவணத்தில் இதற்கு ஒன்றிரண்டு வரிதான் கிடைக்கும். எனக்கு மொத்தத் திட்டமும் இந்த ஆணியில் தொங்குவதாகத் தெரிகிறது.

ஏ பாடம் ஒரு கரை, பி, சி பாடங்கள் மறு கரை. நடுவில் பாலம் இந்தப் பேச்சு. அது நடக்காத வாரத்தில், திரையில் வருபவர் தன் குறிப்புப்படி முன்னே போய்விடுவார். அறையில் இருப்பவர் எங்கே விட்டார்கள் என்று தெரியாமல் நிற்பார். பிள்ளைகள் உடனே கண்டுகொள்வார்கள். திரை நேரம் வேடிக்கை பார்க்கும் நேரமாகிவிடும்.

இதில் கௌரவமும் அடங்கியிருக்கிறது. வகுப்பறை அவருடைய வீடு. அந்தப் பிள்ளைகள் அவரை 'மயெஸ்த்ரா' என்று அழைத்து, கணக்கு, வரலாறு, அழுகை, சண்டை என்று எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் வருகிறார்கள். அந்த வீட்டுக்குள், அதிக ஊதியமோ அதிக மதிப்போ பெற்றவராகத் தோன்றும் ஒருவர் திரை வழியே நுழைகிறார். வகுப்பாசிரியையை ஒழுங்கு பார்த்துக்கொள்ளும் உதவியாளாக நடத்தினால் அவர் ஒரு மூலையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவார், அது நியாயமும்கூட. 'உங்கள் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள்' என்று கேட்டுத் தொடங்கினால் கதை வேறு. திட்டத்தை உருவாக்கியவர்கள் வகுப்பாசிரியையைக் கற்றுக்கொள்ளும் முன்மாதிரியாக வைத்தார்கள். மொழி தெரியும் என்று நடிக்க வேண்டாம், பிள்ளைகளோடு சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள் என்றார்கள்.

இதை ஏதோ சமாளிப்பு என்று நினைத்துத்தான் நானும் தொடங்கினேன். ஆனால் ஒரு பிள்ளையின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். எல்லாம் தெரிந்தவர் என்று தான் நம்பும் பெரியவர், தன் கண்முன் தடுமாறுகிறார், தப்பாகச் சொல்கிறார், திரையிலிருப்பவர் திருத்துகிறார், மறுபடி சொல்கிறார், வெட்கப்படவில்லை. அயல்மொழி பேச வாய் வராததற்குப் பெரிய காரணம் தப்பாகிவிடுமோ என்ற கூச்சம். நம் பள்ளிகளில் ஆங்கிலத்தை வைத்துப் பிள்ளைகளைக் கூசவைத்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அந்தக் கூச்சத்தை ஒரு மென்பொருளாலோ, சரளமாகப் பேசும் திரை ஆசிரியராலோ உடைக்க முடியாது. கற்றுக்கொண்டிருக்கும் ஒரு பெரியவரால் முடியும்.

எல்லா வகுப்பாசிரியைகளும் அப்படி நின்றார்கள் என்று சொல்லவில்லை. நாற்பது வயதுக்குமேல் பிள்ளைகள் முன் தப்புச் செய்து காட்ட மனத்துணிவு வேண்டும். அந்தத் துணிவை ஆணை போட்டு வரவழைக்க முடியாது.

அளந்து பார்த்தபோது

2014 முதல் பிள்ளைகள் தம் கணினியிலேயே எழுதும் ஆங்கிலத் தேர்வு ஒன்றை நடத்தினார்கள். சரியாகப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி கொஞ்சம் கடினமாகும், தவறினால் எளிதாகும். பிள்ளையின் நிலைக்கேற்பத் தேர்வே தன்னை மாற்றிக்கொள்ளும். சொல்வளம், வாசிப்பு, இலக்கணம், கேட்டல் ஆகியவற்றை அது அளந்தது. ஆறாம் வகுப்பு முடியும்போது ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் ஏ2 என்ற இரண்டாம் படியை நெருங்க வேண்டும் என்பது இலக்கு. அதாவது அன்றாட வாழ்க்கையின் எளிய விஷயங்களைப் பேசிப் புரிந்துகொள்ளும் நிலை.

முடிவுகளில் எல்லோர் கவனத்தையும் ஈர்த்தது ஒரு ஒப்பீடு. ஆங்கில ஆசிரியர் நேரில் வந்து நடத்தும் 'செகுந்தாஸ் லெங்குவாஸ்' பள்ளிப் பிள்ளைகளும், திரை வழியே படித்த பிள்ளைகளும் பெரும்பாலும் ஒரே நிலையில் இருந்தார்கள். திட்டக்காரர்களுக்கு இது பெரிய வெற்றி, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இரண்டு எச்சரிக்கை. எந்தப் பள்ளி எந்தத் திட்டத்துக்குள் வந்தது என்பது குலுக்கல் முறையில் முடிவானதல்ல. இரு வகைப் பள்ளிகளின் சூழலும் வேறு. எனவே 'திரையும் நேரும் சமம்' என்று எங்கும் பொருந்தும் விதியை இதிலிருந்து எடுக்கக் கூடாது. நேரில் ஆள் அனுப்ப முடியாத இடத்தில் திரை வழி ஏற்பாடு வீண் போகவில்லை என்பது வரை சொல்லலாம்.

இரண்டாவது எச்சரிக்கை பேச்சைப் பற்றியது. கணினித் தேர்வு வாசிப்பையும் சொல்வளத்தையும் எளிதாக அளக்கும். ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் பேச்சை அளப்பது கடினம். பேச்சில்தான் இந்த ஏற்பாட்டின் பலவீனமும் இருக்கிறது. ஏ பாடம் 45 நிமிடம், வகுப்பில் 25 பிள்ளைகள் என்று வையுங்கள். வணக்கம் சொல்வது, இணைப்பைச் சரிபார்ப்பது, தொலை ஆசிரியர் பேசுவது எல்லாம் போக 20 நிமிடம் பிள்ளைகளுக்குக் கிடைத்தாலும், ஆளுக்கு ஒரு நிமிடம்கூட வராது. சேர்ந்து சொல்வது வேறு, தன் வாயால் தன் கருத்தைச் சொல்வது வேறு. பி, சி பாடங்களில் பிள்ளைகள் ஜோடியாகப் பேசிப் பழகினால்தான் அந்த ஒரு நிமிடத்துக்குப் பலன் உண்டு. ஆங்கிலம் தெரியாத ஆசிரியையின் 90 நிமிடம் எவ்வளவு விலைமதிப்புள்ளது என்பது இங்கே மறுபடி தெரியும்.

திட்டம் எட்டாத இடங்களும் உண்டு. அந்த நாட்டின் பரந்த புல்வெளிகளில் ஓர் ஆசிரியர், சில பிள்ளைகள் மட்டுமே உள்ள சின்னஞ்சிறு கிராமப் பள்ளிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒரே அறையில் ஆறு வயதும் பதினொரு வயதும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். நான்காம் வகுப்புக்கு என்று எழுதிய பாடக்குறிப்பு அங்கே அப்படியே பொருந்தாது. கண்ணாடி இழை போய்ச் சேர்வதும் கடைசியாகத்தான். தேவை எங்கே அதிகமோ அங்கே தொழில்நுட்பம் தாமதமாகப் போவது எல்லா நாட்டிலும் நடப்பது, உருகுவேயாலும் அதை முழுக்கத் தவிர்க்க முடியவில்லை.

2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்தது. உருகுவேயில் கல்வியாண்டு மார்ச்சில் தொடங்கும். பிள்ளைகள் புதிய வகுப்பில் உட்கார்ந்து ஓரிரு வாரத்திலேயே பள்ளிகள் மூடப்பட்டன. கணினியும் கிரெயா தளமும் கையில் இருந்ததால் மற்ற பல நாடுகளைவிட வேகமாக அவர்கள் இணையத்துக்கு மாறினார்கள். ஆங்கிலத் திட்டத்துக்கு அது எளிதாக இருந்திருக்க வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அதன் ஆசிரியர்களில் ஒருவர் எப்போதுமே தொலைவில் இருந்தவர்தானே. ஆனால் மூடிய பள்ளியில் இல்லாமல் போனவர் திரையில் வந்தவர் அல்ல. கைதட்டித் தாளம் கொடுத்தவர், பிள்ளைகளை ஜோடி சேர்த்தவர், அவர்களோடு சேர்ந்து தப்பாகச் சொல்லித் திருத்திக்கொண்டவர்தான் அறையில் இல்லாமல் போனார். ஏப்ரல் 22 அன்று முதலில் திறந்தவை, பிள்ளைகள் குறைவாக உள்ள அந்தக் கிராமப் பள்ளிகள். பெரிய திரையோ காணொளிக் கருவியோ போய்ச் சேர நெடுநாள் பிடித்த அந்த அறைகளில், அன்று காலை ஆசிரியர் இருந்தார்.